காலேஜில் ஏதாவது ஆச்சுன்னா யாரிடம் சொல்வது? காவிரிப் படுகை மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். என்.எஸ்.எஸ். பொறுப்பும் உள் புகார்க் குழு வேலையும் என்னிடம் இருப்பதால் ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகள், ஹாஸ்டல் பிள்ளைகள், அட்மிஷனுக்கு வரும் அப்பா அம்மா எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடு வருகிறார்கள். பாதிப் பேர் கேட்கத் தயங்கி வராந்தாவில் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள், எனக்குக் கவலை அவர்களைப் பற்றித்தான். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, திருச்சி, சிதம்பரம் என எங்கே படித்தாலும் பொருந்துகிற விஷயங்களை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

மேம், ஏதாவது ஆச்சுன்னா முதல்ல வார்டனுக்கா, 100க்கா, வீட்டுக்கா?

உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் முதல் கால் 112. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அந்த ஒரு எண் போதும். ஆம்புலன்ஸ் மட்டும்தான் வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தால் நேராக 108. வார்டனுக்கு அடுத்த கால், வீட்டுக்கு அதற்கும் அடுத்தது. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் இரண்டு இடத்துக்குப் பேசிவிடலாம்.

வார்டனையோ பிரின்சிபாலையோ கேட்காமல் ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் ஆக்‌ஷன் எடுப்பார்கள் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அப்படி அனுமதி வாங்கச் சொல்லும் சட்டம் எதுவும் கிடையாது. கூப்பிட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

112ல பேசுனவங்களுக்கு நம்ம ஊரே தெரியல, எப்படிச் சொல்றது?

நடந்ததைக் கடைசியில் சொல்லுங்கள், இடத்தை முதலில் சொல்லுங்கள். போன் எடுப்பவர் எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறார். நம் பக்கத்திலோ ஒரே பேரில் இரண்டு மூன்று ஊர் இருக்கும், கும்பகோணத்தில் நின்றுகொண்டு "கோயில் பக்கத்துல" என்றால் அவர் எந்தக் கோயிலைத் தேடுவார்? மாவட்டம், தாலுகா, பக்கத்தில் உள்ள பெரிய ஊர், கல்லூரிப் பெயர், எந்தக் கட்டடம், எந்த கேட் என்று வரிசையாகச் சொல்லுங்கள். "தஞ்சாவூர் மாவட்டம், திருவிடைமருதூர் தாலுகா, இன்ன கல்லூரி, பெண்கள் ஹாஸ்டல், பின் கேட் வழியா வரணும், ஒரு பொண்ணு மயங்கி விழுந்துட்டா, மூச்சு இருக்கு" என்று சொன்னால் பத்து விநாடியில் வேலை முடிந்தது. அவர்கள் வைக்கும்வரை நீங்கள் போனை வைக்காதீர்கள்.

அப்புறம் ஒருவரை மெயின் கேட்டுக்கு ஓடச் சொல்லுங்கள். ராத்திரியில் வண்டி வந்துவிடுகிறது, கேட் சாவி வைத்திருப்பவர் தூங்குகிறார், அதில் போகிற நிமிடங்கள் வயிற்றெரிச்சல்.

பேச முடியாத நிலை என்றால், பல ஸ்மார்ட்போன்களில் பவர் பட்டனை அடுத்தடுத்து அழுத்தினாலே அவசர அழைப்பு போகும், மாடலைப் பொறுத்து மூன்று முறையோ ஐந்து முறையோ அழுத்த வேண்டும். உங்கள் போனில் எப்படி என்று இன்றைக்கே செட்டிங்ஸில் பார்த்து வையுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியில் சிவப்பு பட்டனை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடமும் சேர்ந்து போய்விடும்.

கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டாச்சே, அது புகார் ஆகாதா?

ஆகாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். குரூப்பில் போட்டதை நூறு பேர் பார்த்திருப்பார்கள், ஆனால் நடவடிக்கை எடுக்கும் கடமை அதில் ஒருவருக்கும் வராது. யார் மேல் சொல்கிறீர்களோ அவர் காதுக்கு அது அன்றைக்கு ராத்திரியே போய்விடும், அவர் தன் போனில் இருப்பதை அழித்துவிட நேரம் கிடைத்துவிடும். உங்கள் பெயரும் ஊர் சுற்றிவிடும். மேடத்திடமோ சாரிடமோ வாயால் சொல்லிவிட்டு வருவதும் அப்படித்தான். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் மாற்றலாகிப் போய்விட்டால் நீங்கள் சொன்னதற்கு எந்தத் தடயமும் இருக்காது.

வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, யார், யார் பார்த்தது. தமிழில் எழுதலாம், பிழை இருந்தால் பரவாயில்லை, சட்டப் பிரிவெல்லாம் போட வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து, தேதி, முடிந்தால் சீல் வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் சண்டை வேண்டாம். அதே கடிதத்தைப் போட்டோ எடுத்து கல்லூரியின் அதிகாரப்பூர்வ இமெயிலுக்கு அனுப்புங்கள், அல்லது பதிவுத் தபாலில் போடுங்கள், அந்த ரசீதே அத்தாட்சி. மெசேஜ், கால் லாக், போட்டோ எதையும் அழிக்காதீர்கள். பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது என்று அழித்துவிட்டு வருகிற பிள்ளைகள்தான் அதிகம்.

கமிட்டி கமிட்டின்னு நாலஞ்சு இருக்கு, எதுக்கு எதுல கொடுக்கணும்?

சீனியர் தொந்தரவு என்றால் ராகிங் தடுப்புக் குழு. பாலியல் தொல்லை என்றால் உள் புகார்க் குழு, அதாவது ஐ.சி.சி. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் கல்லூரியின் எஸ்.சி., எஸ்.டி. பிரிவு, கூடவே 14566 என்ற தேசிய உதவி எண். ஃபீஸ், மார்க், ஹாஸ்டல் சாப்பாடு போன்றவற்றுக்கு மாணவர் குறைதீர்ப்புக் குழு. தெரியாமல் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டாலும் கெட்டுப்போகாது, சரியான இடத்துக்கு அனுப்பி வைப்பது அவர்கள் வேலை.

சும்மா பாட்டுப் பாடச் சொன்னாங்க, பேர் கேட்டாங்க. இதெல்லாம் ராகிங்கா?

உங்களுக்கு விருப்பம் இல்லாமல், பயத்தாலோ கூச்சத்தாலோ செய்ய வேண்டியிருந்தால் ராகிங்தான். நம் பகுதிக்கு இந்த விஷயத்தில் ஆறாத வடு ஒன்று உண்டு. 1996இல் சிதம்பரத்தில் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் ஒருவரை சீனியர் மாணவர் கொலை செய்தார். அந்த அதிர்ச்சியில்தான் 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதன்படி இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், தண்டனை பெற்றால் கல்லூரியிலிருந்து நீக்கம். புகார் வந்தும் கல்லூரித் தலைமை கண்டுகொள்ளாமல் இருந்தால் அவர்களும் அந்தக் குற்றத்துக்கு உடந்தை என்றே அந்தச் சட்டம் பார்க்கிறது.

யு.ஜி.சி. எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகளும் இருக்கின்றன. வருஷா வருஷம் நீங்களும் பெற்றோரும் கையெழுத்துப் போடும் உறுதிமொழி அதிலிருந்து வந்ததுதான். உதவி எண் 1800-180-5522, கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம். தகவல் சொன்னவர் யார் என்பதைக் காப்பாற்ற வேண்டும் என்று அந்த விதிகளே சொல்கின்றன. அதனால் பாதிக்கப்பட்ட பையன் வாயே திறக்காவிட்டாலும் ரூம்மேட் சொல்லலாம்.

பேர் போடாம எழுதி புகார்ப் பெட்டில போட்டுடலாமா?

ராகிங்குக்கும், பின்னால் வரப்போகிற பூட்டிய கதவு, எரியாத லைட் மாதிரி விஷயங்களுக்கும் அது ஓரளவு வேலை செய்யும். பாலியல் தொல்லைப் புகாருக்குச் செய்யாது. ஐ.சி.சி. விசாரணையில் எதிர்த் தரப்புக்குப் புகாரின் நகலைக் கொடுத்து, பதில் வாங்கி, இரு தரப்பு சாட்சியையும் கேட்டாக வேண்டும். பெயரில்லாத தாளை வைத்து இதைச் செய்ய முடியாது. உடம்பாலோ மனதாலோ புகார் எழுத முடியாத நிலையில் நீங்கள் இருந்தால் தோழி, உடன் படிப்பவர், சொந்தக்காரர் யாராவது உங்கள் சார்பில் தரலாம்.

அப்ப பேர் வெளில வந்துடுமே? சென்னையில எஃப்.ஐ.ஆரே நெட்ல வந்துச்சே?

நியாயமான பயம். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி தாக்கப்பட்ட வழக்கில் எஃப்.ஐ.ஆர். வெளியே வந்தது உண்மை. அதற்கு சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவிடம் விசாரணையைக் கொடுத்து, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. அந்த வழக்கில் குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை கிடைத்தது, 30 ஆண்டு குறைப்பே இல்லாமல். அந்தப் பெண் துணிந்து புகார் கொடுத்ததால் நடந்தது இது.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. ஐ.சி.சி. விசாரணை விவரத்தையும் வெளியே சொல்லக் கூடாது என்று பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டம் சொல்கிறது. அது குழுவில் இருக்கும் எங்களையும் சேர்த்துத்தான் கட்டுப்படுத்துகிறது. உங்கள் பங்குக்கு நீங்கள் செய்ய வேண்டியது, மேலே சொன்ன வாட்ஸ்அப் குரூப்பைத் தவிர்ப்பது.

நடந்து நாலு மாசம் ஆச்சு, இனிமே கொடுத்தா எடுப்பாங்களா?

ஐ.சி.சி.க்கு மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். தாமதத்துக்குக் காரணம் எழுதினால் இன்னும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம், ஆகவே நான்காவது மாதத்தில் கதவு மூடிவிடவில்லை. பயம், தேர்வு, வீட்டில் சொல்ல முடியாத நிலை எல்லாம் காரணம்தான், இருப்பதை அப்படியே எழுதுங்கள். தொல்லை தொடர்ந்து நடந்திருந்தால் கடைசியாக நடந்த தேதியிலிருந்து கணக்கு. விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். போலீஸ் புகாருக்கு இந்த மூன்று மாதக் கெடு பொருந்தாது.

இன்டர்னல் மார்க் போடுறதே அவர்தான். புகார் கொடுத்துட்டு அவர்கிட்டயே எப்படிப் படிக்கிறது?

மாணவிகளை வாயடைத்து வைத்திருக்கும் கேள்வி இதுதான், ஆராய்ச்சி மாணவிகளை இன்னும் அதிகமாக. கைடு கையெழுத்து இல்லாமல் அவர்களுக்கு ஒரு பக்கமும் நகராது. 2015 யு.ஜி.சி. விதிகள் இதை யோசித்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. விசாரணை நடக்கும்போதே, எதிர்த் தரப்பு ஆள் உங்கள் விடைத்தாளையோ வேலையையோ மதிப்பிடக் கூடாது என்று தடுக்கச் சொல்லலாம், பிரிவு மாற்றிக் கேட்கலாம், அவர் உங்களிடமிருந்து விலகி இருக்க வேண்டும் என்று கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும், அதனால் புகாரின் கடைசிப் பத்தியிலேயே என்ன பாதுகாப்பு வேண்டும் என்று எழுதிவிடுங்கள்.

துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்ற பதவியில் இருப்பவர்கள் ஐ.சி.சி.யில் உறுப்பினராக இருக்கக் கூடாது, வெளியிலிருந்து ஒருவர் இருந்தாக வேண்டும், மாணவர் சம்பந்தப்பட்டது என்றால் மாணவர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். உங்கள் கல்லூரிப் பலகையில் இருக்கும் பட்டியலைப் பாருங்கள், இதற்கு மாறாக இருந்தால் அதையே கேள்வியாகக் கேட்கலாம். இன்னொன்று, நிரூபிக்க முடியாமல் போவதும் பொய்ப் புகாரும் ஒன்றல்ல. ஆதாரம் போதவில்லை என்பதற்காக மட்டும் உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது.

பசங்களுக்கு நடந்தா யார்கிட்ட சொல்றது, சிரிப்பாங்களே?

ஆண் மாணவர்களும் திருநங்கை, திருநம்பி மாணவர்களும் பாதிக்கப்படலாம் என்பதை அதே 2015 விதிகள் ஒப்புக்கொள்கின்றன. ஐ.சி.சி.க்கு எழுதுங்கள். ஹாஸ்டலில் சீனியர்கள் செய்தது என்றால் அது ராகிங்கிலும் வரும். சிரித்த ஆசிரியரின் பெயரையும் புகாரில் சேர்க்கலாம்.

எனக்கு இன்னும் 18 ஆகல, ஃபர்ஸ்ட் இயர். காலேஜ்லயே பேசி முடிச்சுக்கலாம்ங்கிறாங்களே?

முடிக்க முடியாது. 18 வயதுக்குள் என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்துவிடும், பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. ஃபர்ஸ்ட் இயரில் 17 வயதுப் பிள்ளைகள் நிறைய. இதைத் தெரியாமல் "சமாதானம்" பேசுகிற பெரியவர்களுக்கு இந்தப் பத்தியைக் காட்டுங்கள். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

பஸ்ல நடந்தா காலேஜுக்கு என்ன சம்பந்தம்? கண்டக்டர் இறங்கிக்கோன்னு சொல்லிட்டார்

நீங்கள் ஏன் இறங்க வேண்டும்? 1998 தமிழ்நாடு பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டத்தின்படி, பஸ்ஸில் ஒரு பெண் புகார் சொன்னால் டிரைவரும் கண்டக்டரும் வண்டியைப் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும். சாயங்காலம் நாலரை மணி டவுன் பஸ்ஸில் மன்னார்குடியோ பாபநாசமோ போகிற பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சத்தமாக, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். வண்டி எண், வழித்தடம், நேரத்தைக் குறித்துக்கொண்டு 112 அல்லது பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள். கல்லூரி பஸ் என்றால் அது வளாகத்தின் ஒரு பகுதி மாதிரிதான், ஐ.சி.சி.க்கே வரலாம்.

ஹாஸ்டல் பின்கதவு எப்பவும் பூட்டியே இருக்கு, பாத்ரூம் பக்கம் லைட் இல்ல. இதையெல்லாம் புகார்னு சொன்னா திட்டுவாங்களா?

இதுதான் நான் அதிகம் எதிர்பார்க்கும் புகார், மிகக் குறைவாக வருவதும் இதுவே. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். கூரைக் கொட்டகை, குறுகலான ஒற்றை வழி. அதெல்லாம் அன்றைக்குக் காலையில் திடீரென்று முளைத்தவை அல்ல, தினம் நூறு பேர் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தவை. இந்த ஊரில் இருந்துகொண்டு பூட்டிய கதவைப் பார்த்து சும்மா போக என்னால் முடியாது.

பூட்டிய அவசர வழி, தொங்கும் மின்கம்பி, காலாவதியான தீயணைப்புக் கருவி, இடிந்த சுற்றுச்சுவர், புதர் மண்டி பாம்பு வரும் வழி எல்லாவற்றையும் போட்டோவோடும் தேதியோடும் எழுதுங்கள். திருட்டு பயத்துக்காகப் பூட்டுகிறோம் என்பார்கள். உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் கடையில் கிடைக்கிறது, அதைப் போடச் சொல்லுங்கள். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் மாவட்ட தீயணைப்பு அலுவலருக்கு நகல் போடுங்கள்.

மழைக்கு லீவுன்னு மெசேஜ் வருது, பாதி பொய். எதை நம்புறது?

கலெக்டர் அறிவிப்பை. கல்லூரி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்தக் கலெக்டர், உங்கள் வீடு இருக்கும் மாவட்டம் இல்லை. 2020 கடைசியில் மயிலாடுதுறை தனி மாவட்டமான பிறகும் நாகை அறிவிப்பைப் பார்த்துவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். "பள்ளிகளுக்கு மட்டும்" என்று இருக்கிறதா பாருங்கள். தேதி இல்லாத படத்தை அனுப்பாதீர்கள், போன வருஷத்துப் படம் இந்த வருஷம் சுற்றும். உங்கள் பகுதியில் தண்ணீர் ஏறி உங்களால் கல்லூரிக்கு வர முடியவில்லை என்றால் லீவு இல்லாவிட்டாலும் வர வேண்டாம், துறைத்தலைவருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

போன் சைலன்டில் இருக்கும்போதே பயங்கரமாக அலறி ஒரு எச்சரிக்கை வந்தால் அது வைரஸ் இல்லை. பேரிடர் மேலாண்மை ஆணையம் செல்போன் கோபுரம் வழியாக அனுப்புவது, 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் சோதித்தார்கள். படித்துவிட்டு அதன்படி நடங்கள். மேட்டூர் 120 அடி நிரம்பிவிட்டால் உபரி நீர் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திரும்பும். இங்கே மழையே இல்லாமல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது ஆற்றில் தண்ணீர் ஏறும். தண்ணீர் திறக்கும் அறிவிப்பு வந்த நாட்களில் படித்துறைக்குப் போகிற ஹாஸ்டல் பையன்களைத் தடுங்கள், நீச்சல் தெரிந்தவர்களையும் சேர்த்து.

கஜா மாதிரி வந்து டவரே போயிடுச்சுன்னா?

2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு நாகை, திருவாரூர், பட்டுக்கோட்டை பக்கமெல்லாம் நாள் கணக்கில் கரன்டும் இல்லை, சிக்னலும் இல்லை. பிள்ளை எந்த ஹாஸ்டலில் எப்படி இருக்கிறதோ என்று பெற்றோர் தவித்தார்கள். புயல் எச்சரிக்கை வந்தவுடன் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பவர் பேங்க் ஏற்றி வையுங்கள், முக்கியமான ஐந்து எண்களைத் தாளில் எழுதிப் பையில் வையுங்கள், வெளி மாவட்டத்தில், சேலமோ கோவையோ, இருக்கும் ஒரு சொந்தக்காரரை இரு தரப்பும் பேசும் ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் லைன் அடைத்துக்கொண்டாலும் வெளியூருக்குப் போக வாய்ப்பு உண்டு. கால் போகாதபோதும் சில நேரம் எஸ்.எம்.எஸ். போகும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று ஹாஸ்டல் ஆபீஸில் இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள், திருச்சி வானொலியும் காரைக்கால் பண்பலையும் அன்றைக்குத்தான் அருமை தெரியும்.

என் ஃப்ரெண்ட் வாழவே பிடிக்கலன்னு சொல்றா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டா. என்ன பண்றது மேம்?

அந்தச் சத்தியத்தை மீறுங்கள். அவள் கோபித்துக்கொள்வாள், பரவாயில்லை, இருந்து கோபிக்கட்டும். "செத்துடணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அறிவுரை வேண்டாம், கேட்டுக்கொண்டிருங்கள். தனியாக விடாதீர்கள். அன்றைக்கே நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 நாள் முழுக்க இருக்கிறது, தமிழில் பேசலாம், தமிழ்நாட்டில் 104ம் உண்டு. ஏதாவது செய்துகொண்டுவிட்டாள் என்றால் முதல் பதிலில் சொன்ன 108தான், வாந்தி எடுக்க வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

ரோட்ல அடிபட்டவங்களைத் தூக்கினா கேஸ்ல மாட்டிப்போமா?

மாட்டமாட்டீர்கள். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது, பெயர் சொல்லக்கூட கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டின் நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும்.

நாங்க வேதாரண்யத்துல இருக்கோம். பொண்ணு ராத்திரி போன் எடுக்கலன்னா யாரைக் கேக்குறது?

அட்மிஷன் அன்றைக்கே நான்கு எண் வாங்கிவிடுங்கள், அம்மா: வார்டன், ஹாஸ்டல் லேண்ட்லைன், ரூம்மேட், அந்த ரூம்மேட்டின் வீடு. இவ்வளவிலும் பதில் இல்லையென்றால் கல்லூரி இருக்கும் எல்லையின் போலீஸ் ஸ்டேஷன் எண்ணும் வேண்டும், அது காவல் உதவி செயலியில் கிடைக்கும். காணவில்லை என்று புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்கணும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி விதி கிடையாது.

ஸ்டேஷன்ல எங்க லிமிட் இல்ல, காலேஜ் லெட்டர் கொண்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. அப்புறம்?

கல்லூரிக் கடிதம் தேவையே இல்லை, ஐ.சி.சி. முடிவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். எல்லை தாண்டியது என்றாலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். எனும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு அது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். உடனே எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்றால் புகாரைப் பெற்றதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.

அதுவும் தரவில்லை என்றால் அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அங்கேயும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். வக்கீலுக்குக் காசில்லை என்று நிற்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், எண் 15100. போகும்போது மூன்றாவது கேள்வியில் சொன்ன கையெழுத்து வாங்கிய பிரதியை எடுத்துப் போங்கள்.